இத்தாலிக் கடற்கரையில் குடும்பத்தோடு தங்க: முதலில் படிகளை எண்ணுங்கள்

முதல் வருடம் நாங்கள் ஒரு ஜன்னலைப் பார்த்து ஏமாந்தோம். லிகூரியா கடற்கரை. பச்சைக் கதவு வைத்த ஜன்னல், பக்கத்தில் எலுமிச்சை மரம், அதற்கு அந்தப் பக்கம் நீலமாய்க் கடல். "கடலுக்கு 200 மீட்டர்" என்று போட்டிருந்தது. பொய் இல்லை. ஆனால் அந்த 200 மீட்டரில் 143 படிகள் இருந்தன. எண்ணியது என் மகன், அப்போது ஏழு வயது. இறங்கும்போது எண்ணினான், ஏறும்போது எண்ண அவனுக்கு மூச்சு இல்லை. மூன்று வயது மகள் என் தோளில் தூங்குகிறாள், கையில் ஈரத் துண்டு மூட்டை, அத்தை திருப்பத்துக்குத் திருப்பம் உட்கார்ந்து முட்டியைத் தடவுகிறார். மூன்றாம் நாள் காலையில் சொல்லிவிட்டார்: "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கனயே இருந்து பாத்துக்கிடுதேன். கடல்தானே, தூத்துக்குடியில பாக்காததா?"

அதன்பிறகு ஆறு கோடை போய்விட்டது. மியூனிக்கிலிருந்து காரில் ஆல்ப்ஸைத் தாண்டினால் இத்தாலி என்பதால் வருடா வருடம் போகிறோம். இப்போதெல்லாம் வீட்டுப் படத்தைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் பார்ப்பது வழி. அறையிலிருந்து தண்ணீருக்கும், தண்ணீரிலிருந்து அறைக்கும் ஒரு நாளைக்கு நான்கு தடவை நடக்கப் போகிறோம். அதில் ஒரு தடவை மதியம் ஒரு மணி வெயிலில், பசியோடு அழும் குழந்தையோடு. அந்த நடையை மனதில் நடந்து பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

எந்தக் கரை என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். மேற்கே லிகூரியாவில் மலை நேராகக் கடலில் இறங்குகிறது. சிங்க்வே தெர்ரே, தெற்கே அமால்ஃபி, போசித்தானோ எல்லாம் அப்படித்தான்: கண்ணுக்கு விருந்து, காலுக்குத் தண்டனை, கரையும் பெரும்பாலும் கூழாங்கல். லிகூரியாதான் வேண்டும், மணலும் வேண்டும் என்றால் அலாசியோ, லைகுவேலியா என்று தேடுங்கள். கிழக்கே ஆட்ரியாட்டிக் பக்கம் கதையே வேறு. ரிமினி, ரிச்சோனே, கத்தோலிக்கா, மேலே வெனிஸ் பக்கம் யெசோலோ, கவோர்லே, பிபியோனே, லின்யானோ. தரை சப்பட்டை, மணல் பொடி, கடலில் வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான். ஹோட்டலுக்குப் பின் ஹோட்டல், குடைக்குப் பின் குடை. அழகு கம்மிதான், ஒத்துக்கொள்கிறேன். ஜெர்மன்காரர்களே இந்தக் கரையை "டியூட்டன் கிரில்" என்று கேலி செய்வார்கள், தங்கள் ஆட்கள் வரிசையாகப் படுத்து வறுபடுவதால். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் கேலியைக் கேட்டுக்கொண்டே அங்கே போங்கள்.

நீலக் கொடி எல்லாருக்கும் தெரியும். அது தண்ணீரின் சுத்தம், கடற்கரை வசதிகள் இவற்றுக்காகக் கரைகளுக்குத் தரும் சான்று. இத்தாலியில் பச்சைக் கொடி என்றும் ஒன்று உண்டு, "பந்தியேரா வெர்தே". குழந்தை மருத்துவர்கள் பரிந்துரைக்கும் கரைகளின் பட்டியல் அது: மணல், ஆழமில்லாத தண்ணீர், உயிர்காப்பாளர், குடைகளுக்கு நடுவே பிள்ளைகள் விளையாட இடம். ஊர் முடிவு செய்ய எனக்கு அதுதான் உதவுகிறது.

ஊர் முடிவானதும் வரைபடத்தை முழுதாகப் பெரிதாக்கிப் பாருங்கள். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே என்ன ஓடுகிறது? மார்க்கே பகுதியில், குறிப்பாக பெசாரோவிலிருந்து அன்கோனா வரை, ரயில் பாதை கரையை ஒட்டியே போகிறது. சுரங்கப் பாதை வழியாகத்தான் மணலுக்குப் போகவேண்டிய இடங்கள் உண்டு. அந்தச் சுரங்கத்துக்குச் சாய்தளமா, படியா என்று தெரு படங்களில் ஒரு நிமிடம் நடந்து பார்த்தால் தெரிந்துவிடும். தள்ளுவண்டி வைத்திருப்பவர்களுக்கு அந்த ஒரு நிமிடம் ஒரு வாரச் சண்டையை மிச்சம் பண்ணும். பிபியோனேயில் இன்னொரு வேடிக்கை: கரை அவ்வளவு அகலம். ஹோட்டல் கடலைப் பார்த்துத்தான் நிற்கும், ஆனால் தண்ணீரைத் தொடச் சுடுமணலில் நெடுநேரம் நடக்கவேண்டும். ரப்பர் செருப்பு கட்டாயம்.

நம் ஊர்க்காரர்களுக்குப் பழக இன்னொன்று நாளாகும். கடற்கரையின் பெரும்பகுதி "பான்யோ" எனப்படும் வாடகைக் கரைகளிடம் இருக்கிறது. ஒரு குடை, இரண்டு சாய்வுக் கட்டில், ஒரு நாளைக்கு 25, 30 யூரோ சாதாரணம். முதல் வரிசை, ஆகஸ்ட் என்றால் இன்னும் ஏறும். வாரத்துக்குக் கணக்குப் போட்டால் மலிவு வீடு மலிவாக இருக்காது. அதனால் பதிவு செய்யுமுன் கேளுங்கள்: குடை வாடகையில் சேர்த்தியா? பல ஹோட்டல்களுக்கு ஏதாவது ஒரு பான்யோவோடு ஒப்பந்தம் இருக்கும். பணம் தராமல் உட்கார "ஸ்பியாஜ்ஜா லீபெரா" என்ற பொதுக் கரையும் இருக்கும், ஆனால் கழிப்பறையும் குளியலும் பக்கத்தில் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அலை தொடும் ஐந்து மீட்டர் எல்லாரும் நடக்கலாம். துண்டு விரிக்க மட்டும் கூடாது.

இனி வீடு. விளம்பரத்தில் "பிலோகாலே" என்றால் இரண்டு படுக்கையறை என்று நினைத்து நாங்கள் ஒருமுறை பணம் கட்டினோம். மொத்தமே இரண்டு அறை என்று அர்த்தம்: ஒரு படுக்கையறை, ஒரு கூடம். கூடத்தின் சோபா இரவில் கட்டிலாகும். "நான்கு படுக்கை" என்ற கணக்கில் அந்தச் சோபாவும் அடக்கம். பெரியவர் கூட வந்தால் "த்ரிலோகாலே" தேடுங்கள். இல்லாவிட்டால் அத்தை தூங்கிய பிறகு மற்றவர்கள் பால்கனியில் கிசுகிசுத்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

மின்சாரம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பெரும்பாலான இத்தாலிய வீடுகளில் மின் இணைப்பு 3 கிலோவாட்தான். ஒரு மாலை ரைஸ் குக்கரில் சோறு, மேலே ஏசி, குளியலறையில் துவைக்கும் இயந்திரம். ரசத்துக்குப் புளி கரைக்கலாம் என்று நான் கெட்டிலையும் தட்டினேன். டப் என்று இருட்டு. மீட்டர் பெட்டியோ தரைத்தளத்தில், பத்து மூடிகளுக்கு நடுவே. எந்த மூடி எங்களுடையது என்று தெரியாமல் என் கணவர் போன் வெளிச்சத்தில் நிற்க, கீழ்வீட்டுப் பாட்டி வந்து ஒரு விரலால் தட்டிவிட்டுப் போனார். அதற்குப்பின் சோறு வேகும்வரை ஏசி கிடையாது என்று சட்டம் போட்டோம். ஜெர்மனியின் தடித்த பிளக் அங்கே வரிசையாக மூன்று துளை இருக்கும் சாக்கெட்டில் நுழையாது என்பதும் முதல் நாள் இரவு, கடையெல்லாம் பூட்டிய பிறகுதான் தெரிந்தது. ரைஸ் குக்கரோடு அடாப்டரையும் எடுத்துப் போங்கள்.

சமைக்க வேண்டாம் என்றால் "மெட்சா பென்சியோனே": அறை, காலை உணவு, இரவு உணவு. பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது எங்களுக்கு இதுதான் நிம்மதி. ரிமினி பக்கத்துச் சின்னக் குடும்ப ஹோட்டல்களில் பிள்ளைக்கு வெறும் தக்காளி பாஸ்தா கேட்டால் முகம் சுளிக்காமல் தருவார்கள். குடிக்கும் தண்ணீருக்குப் பெரும்பாலும் தனிக் காசு. அத்தைக்கு வெள்ளிக்கிழமை கவிச்சி ஆகாது. "சென்சா கார்னே, சென்சா பேஷே" என்று காலையிலேயே சொல்லி வைப்பேன். கறியும் மீனும் இல்லாமல் என்று அர்த்தம். அப்படியும் சூப்பில் கோழிச் சாறு இருக்கலாம், அதைத் தனியாகக் கேட்கவேண்டும். நான்காம் நாளுக்குமேல் அத்தைக்கு ரசம் சோறு இல்லாமல் முடியாது. ஆகவே அவர் வரும் வருடம் வீடு, வராத வருடம் ஹோட்டல்.

ஒரு நல்ல செய்தி: இத்தாலிய வீடுகளில் ஒரு குளியலறையிலாவது பிடே, அதாவது உட்கார்ந்து கழுவிக்கொள்ளும் தொட்டி, இருக்கவேண்டும் என்று 1975 முதல் விதியே உண்டு. ஜெர்மனியில் செம்பு தூக்கி வாழும் நமக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

எப்போது போவது? ஆகஸ்ட் 15 ஃபெர்ராகோஸ்தோ விடுமுறை, இத்தாலியே கடலுக்கு வந்துவிடும். அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் விலையும் கூட்டமும் உச்சம். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் மே, ஜூன் வாக்கில் வரும் பெந்தகொஸ்தே விடுமுறை நமக்குக் கொடுப்பினை. இத்தாலியில் பள்ளிகள் பெரும்பாலும் அப்போது மூடியிருக்காது. தண்ணீர் சற்றுக் குளிரும். செப்டம்பர் முதல் வாரம் வெதுவெதுப்பாக இருக்கும், வாடகையும் இறங்கியிருக்கும்.

பணம் கட்டுமுன் வாடகைக்கு வெளியே என்னென்ன என்று எழுதி வாங்குங்கள்: கடைசித் துப்புரவு, படுக்கை விரிப்பு, வைப்புத்தொகை, ஊருக்குத் தரும் தங்கல் வரி. சிறு பிள்ளைகளுக்கு வரி பெரும்பாலும் இல்லை, வயது வரம்பு ஊருக்கு ஊர் மாறும். 2025 ஜனவரி முதல் வாடகை வீட்டு விளம்பரங்களில் "சின்" என்ற தேசிய அடையாள எண் இருக்கவேண்டும். எண் இல்லாத வீட்டை நான் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

இந்த வருடம் கவோர்லே, மூன்றாம் மாடி. உரிமையாளருக்கு இரண்டே கேள்வி அனுப்பினேன்: கொசுவலை உண்டா? "சே லஷென்சோரே?", லிஃப்ட் உண்டா? முதல் கேள்விக்கு "சீ" என்று ஒரே சொல், இத்தாலியனில் "ஆமாம்". இரண்டாவதற்குப் பதிலே இல்லை, ஒரு படம் மட்டும்: லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த தகடு, நான்கு பேர், 320 கிலோ. அன்றிரவே முன்பணம் அனுப்பிவிட்டேன்.