தடைக்காலத்தில் ஒரு பாட்டு: நாலு கார்டு போதும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாம்பன் தெற்குவாடியில் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். பகலில் வெல்டிங், பெயின்ட் என்று மராமத்து வேலை ஓடும். பொழுது சாய்ந்தால் பையன்கள் கை சும்மா இருக்கும். போன தடைக்காலத்தில் ஒரு சாயங்காலம் என் அத்தை மகன் வந்து கீபோர்டு முன்னால் உட்கார்ந்துவிட்டான். "மச்சான், ஒரே ஒரு பாட்டு. நானே பாடி நானே வாசிக்கணும். வேற எதுவும் வேணாம்."

கோயில் பாடற்குழுவில் 14 வருடமாக வாசிக்கிறேன். அவன் கேட்டது நடக்கிற காரியம்தான். மெட்டை வாய் பார்த்துக்கொள்ளும். அதற்கு அடியில் கார்டு, அதாவது ஒன்றாகச் சேர்த்து அமுக்குகிற மூன்று சுரம், பிடித்துக் கொடுப்பதுதான் கைக்கு வேலை. அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். 61 கீ உள்ள சாதாரண கீபோர்டு போதும்.

கறுப்பு கீக்கள் இரண்டு, மூன்று என்று கூட்டம் கூட்டமாக இருக்கும். இரண்டு கறுப்புக்கு இடப்பக்கம் ஒட்டி இருக்கும் வெள்ளைதான் 'சி'. அங்கிருந்து வலப்பக்கம் வெள்ளையிலேயே போனால் சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி, மறுபடி சி. ஆர்மோனியம் தெரிந்தவர்களுக்கு 1 கட்டையில் ச ரி க ம ப த நி. இடமிருந்து மூன்றாவது 'சி'யில் வலது கை கட்டைவிரலை வையுங்கள். இனி கறுப்பைத் தொடவே வேண்டாம்.

வலது கைக்கு நாலு பிடி:

சி மேஜர்: சி, இ, ஜி
ஜி மேஜர்: பி, டி, ஜி
ஏ மைனர்: சி, இ, ஏ
எஃப் மேஜர்: சி, எஃப், ஏ

கார்டு படித்த யாராவது பார்த்தால், "ஜி மேஜர் என்றால் ஜி, பி, டி அல்லவா?" என்பார்கள். சுரம் அதே மூன்றுதான். ஜி-யை மேலே தூக்கி வைத்திருக்கிறோம், அவ்வளவே. எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர் ஒவ்வொரு கார்டையும் அதன் அடிச்சுரத்திலிருந்துதான் பிடிக்க வேண்டும் என்றார். ஜி-க்கு ஒரு தாவல், ஏ-க்கு ஒரு தாவல். இரண்டு வருடம் கையையே பார்த்துக்கொண்டு வாசித்தேன். ஒரு திருவிழாப் பூசையில் தாவின கை இடம் தவறி விழ, பாடிக்கொண்டிருந்த அக்காமார் நடுவிலேயே நின்றுபோனார்கள். அதனால் நான் யாருக்கும் தாவக் கற்றுக்கொடுப்பதில்லை.

மேலே சொன்ன பிடியில் விரல் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரலால் சி-யைப் பிடித்திருக்கிறீர்கள். ஜி-க்குப் போகும்போது சுண்டுவிரல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கட்டைவிரல் ஒரு கீ கீழே இறங்கி பி-க்குப் போகும். ஆள்காட்டி விரல் டி-யில் விழும். அடுத்து ஏ மைனர்: அதே மூன்று விரலும் அப்படியே ஒரு வெள்ளை மேலே ஏறும். அங்கிருந்து எஃப்-க்கு ஆள்காட்டியை எடுத்துவிட்டு நடுவிரலை எஃப்-ல் வைத்தால் தீர்ந்தது. திரும்ப சி-க்கு வரும்போது நடுவிரலும் சுண்டுவிரலும் ஒரு கீ இறங்கும், கட்டைவிரல் அசையாது. ஒரு சாண் இடத்துக்குள் முழுப்பாட்டும் முடிந்துவிடுகிறது.

இடது கை அதைவிடச் சுலபம். இடமிருந்து இரண்டாவது 'சி'யில் இடது கட்டைவிரல். மற்ற நாலு விரலும் வரிசையாக பி, ஏ, ஜி, எஃப் மேல் தானாக உட்காரும். கார்டின் பெயர் எதுவோ அந்த ஒரு கீ மட்டும்: சி-க்குக் கட்டைவிரல், ஜி-க்கு மோதிரவிரல், ஏ-க்கு நடுவிரல், எஃப்-க்குச் சுண்டுவிரல்.

என் அத்தை மகனுக்கு அந்த மோதிரவிரல்தான் வம்பு பண்ணியது. வருடக்கணக்காகக் கயிறு இழுத்த கை. உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு, விரல் இடுக்கில் உப்பு வெடிப்பு. மோதிரவிரலை இறக்கினால் சுண்டுவிரலும் கூடவே வந்து எஃப்-ஐ அமுக்கிவிடும். கீபோர்டை அணைத்துவிட்டு, மேசைமேல் ஐந்து விரலையும் வைத்து மோதிரவிரலை மட்டும் தூக்கி வைக்கச் சொன்னேன். முதல் நாள் மயிரிழைதான் எழும்பியது. அவன் விடவில்லை. டீக்கடை பெஞ்சிலும் தொடையிலும் தட்டிக்கொண்டே திரிந்தான். ஒன்பதாம் நாள் ஜி தனியாகக் கேட்டது.

கை படிந்த பிறகு தாளம். ஒரு கார்டுக்கு நாலு எண்ணிக்கை. ஒன்றில் இடது கையும் வலது கையும் சேர்ந்து விழ வேண்டும்; இரண்டு, மூன்று, நாலில் வலது கை மட்டும். கரைவலை இழுக்கும் இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும்: ஒருவன் கால் வழுக்கினாலும் அம்பா பாட்டு நிற்காது, அடுத்த 'ஏலேலோ'வில் அவன் வந்து சேர்ந்துகொள்வான். அதே மாதிரி, தப்பான கார்டு விழுந்தாலும் நிறுத்தாதீர்கள். அடுத்த ஒன்றில் சேர்ந்துகொள்ளுங்கள். தப்பு வந்ததும் முதலிலிருந்து ஆரம்பிக்கிற பழக்கம் விரலில் ஊறிவிட்டால் எடுப்பது கஷ்டம்.

பாட்டைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். சுரத்தை அசைத்து வளைத்துப் பாடுகிற கமகம் நிறைந்த பாட்டுக்குக் கார்டு ஒட்டாது. மெதுவாகப் போகிற, சுரம் நேராக நிற்கிற சினிமாப் பாட்டாகப் பாருங்கள். சி-யைப் பிடித்துக்கொண்டு முதல் வரியைப் பாடுங்கள். எங்கேயாவது காது உறுத்தினால் அங்கே கார்டு மாறுகிறது என்று அர்த்தம். மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்று பொருந்தும். சி, ஜி, ஏ மைனர், எஃப் என்ற வரிசையிலேயே சுற்றும் பாட்டுகள் உலகம் முழுக்க உண்டு. பாட்டு சோகமாக இருந்தால் ஏ மைனரில் தொடங்கி எஃப், சி, ஜி என்று சுற்றிப் பாருங்கள், பிடி அதேதான். பாட்டு வரிக்கு மேலே பென்சிலால் கார்டு பெயரை எழுதிவையுங்கள், எந்த எழுத்தில் மாறுகிறதோ சரியாக அந்த எழுத்துக்கு மேலே.

சுருதி எட்டவில்லையா? தொண்டையை வருத்தாதீர்கள். எல்லாக் கீயின் சுருதியையும் மொத்தமாக ஏற்றி இறக்குகிற டிரான்ஸ்போஸ் பட்டன் அதற்குத்தான் இருக்கிறது. +1 வைத்தால் ஒன்றரைக் கட்டை, +2 வைத்தால் 2 கட்டை. விரல் பழைய இடத்திலேயே ஓடும். இதைக் குறுக்குவழி என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பாடுகிறவனுக்குத் தோதாகச் சுருதி வைப்பதுதான் வாசிக்கிறவனின் முதல் மரியாதை.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. கச்சான் காற்றில் வரும் உப்பு ஈரம் கீபோர்டுக்குள் இறங்கும். கீக்குக் கீழே ரப்பர் பட்டையில் கறுப்பாகச் சின்னப் பொட்டு இருக்கும். கீயை அமுக்கும்போது அது சர்க்யூட்டைத் தொட்டால்தான் சத்தம் வரும். நடுவில் அழுக்கு படிந்தால் அந்தக் கீ ஊமையாகிவிடும். கடல் பக்கத்து ஜன்னலோரம் வைக்காதீர்கள். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் துடைத்து, மேலே கனமான துணி போட்டு மூடுங்கள்.

ஜூன் 14 சாயங்காலம் அவன் பாட்டை முழுசாகப் பாடி வாசித்தான். இரண்டாவது சரணத்தில் எஃப் விழ வேண்டிய இடத்தில் ஏ மைனர் விழுந்தது. நிற்கவில்லை, அடுத்த ஒன்றில் சேர்ந்துகொண்டான். முடித்ததும் எழுந்து, அவனே துணியை எடுத்துக் கீபோர்டின் மேல் விரித்து நாலு மூலையையும் இழுத்துவிட்டான். "கரைக்கு வந்ததும் வாரேன் மச்சான். அடுத்த பாட்டு நீயே பாத்து வையி" என்று சொல்லிவிட்டு, ஐஸ் ஏற்றப் படகுக்குக் கிளம்பினான்.