விண்டோஸ் 11-க்கு மாறியதும் முதலில் மாற்ற வேண்டியவை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், வேண்டா வெறுப்பாக 11-க்கு வந்தவர்கள் நிறைய. எங்கள் வீட்டிலும் அதே கதைதான். அப்பாவுக்கு பிரௌசர், பேங்க், பிரிண்ட், இவ்வளவுதான் வேலை. ஸ்டார்ட் பட்டன் நடுவுக்கு நகர்ந்ததைப் பார்த்து "இது எங்கடா போச்சு?" என்று கேட்டார், அதோடு மறந்துவிட்டார். நாள் முழுக்க எக்ஸெலில் கிடக்கும் எனக்குத்தான் கை ஓடவில்லை.

முதலில் ஸ்டார்ட் பட்டன். டாஸ்க்பாரின் காலி இடத்தில் ரைட் கிளிக், டாஸ்க்பார் செட்டிங்ஸ், டாஸ்க்பார் பிஹேவியர்ஸ். அங்கே அலைன்மென்ட்டை 'லெஃப்ட்' ஆக்குங்கள். அப்பா மாதிரி ஆட்களுக்கு இதுகூடத் தேவையில்லை. அவர்கள் தினமும் திறக்கும் நாலு செயலிகளை டாஸ்க்பாரில் பின் செய்து கொடுத்தால் போதும், ஸ்டார்ட் மெனு பக்கமே போக மாட்டார்கள்.

அதே பக்கத்தில் 'கம்பைன் டாஸ்க்பார் பட்டன்ஸ்' என்று ஆரம்பிக்கும் வரியை 'நெவர்' ஆக்குங்கள். ஐந்து எக்ஸெல் கோப்புகள் ஒரே ஐகானுக்குள் ஒளிந்துகொள்ளாமல், ஒவ்வொன்றும் பெயரோடு வரிசையாக நிற்கும். 2021-இல் வெளிவந்தபோது இந்த வசதி கிடையாது. பலரும் சத்தம் போட்ட பிறகு 2023-இல்தான் திரும்பி வந்தது. உங்கள் கணினியில் அந்த வரி இல்லையென்றால் விண்டோஸ் அப்டேட்டை ஓட்டுங்கள்.

இனி என்னை ரொம்பப் படுத்திய இடம்: ரைட் கிளிக் மெனு. கட், காப்பி, ரீநேம், டெலீட் எல்லாம் எழுத்து வரிகளாக இல்லாமல் சின்னச் சின்ன ஐகான்களாகிவிட்டன. அதுவும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. திரையின் மேல்பாதியில் கிளிக் செய்தால் ஐகான் வரிசை மெனுவின் தலையில் இருக்கும். அடிப்பக்கம் கிளிக் செய்தால் மெனு மேல்நோக்கி விரிந்து, வரிசை காலடிக்கு வந்துவிடும். மவுஸுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். புதிதாகப் பழகுபவருக்கு நல்ல யோசனைதான். பழகிய கையோ ஒவ்வொரு முறையும் தேடுகிறது. அப்டேட் செய்த பதிப்புகளில் ஐகானுக்குக் கீழே பெயர் போட்டிருக்கிறார்கள், அதுவரை நிம்மதி.

இதற்கு வழி: ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்யுங்கள். பழைய மெனு முழுசாக வரும். மவுஸ் இல்லாமல், கோப்பைத் தேர்ந்தெடுத்து ஷிப்ட் + எஃப்10 அழுத்தினாலும் அதே மெனுதான். பெயர் மாற்ற எஃப்2 போதும், மெனுவே வேண்டாம்.

எக்ஸ்ப்ளோரர்பேட்சர் மாதிரி செயலிகள் பழைய டாஸ்க்பாரையே கொண்டுவந்துவிடும். ஆனால் பெரிய விண்டோஸ் அப்டேட் வந்தால் இந்த வகைச் செயலிகள் தகராறு செய்யலாம். சொந்தமாகச் சரிசெய்யத் தெரிந்தவர் போட்டுக்கொள்ளட்டும். அப்பா அம்மா கணினியில் மட்டும் வேண்டாம். புதிதாக வந்ததில் எனக்குப் பிடித்தது ஸ்னாப் லேஅவுட். விண்டோஸ் விசையோடு இசட் அழுத்திப் பாருங்கள், ஜன்னல்களை எப்படிப் பிரிக்கலாம் என்று கட்டம் போட்டுக் காட்டும்.

பின்சேர்க்கை: பழைய மெனுவுக்கு ஷிப்ட் + எஃப்10 அழுத்தினால் லேப்டாப்பில் வேலை செய்யவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். பல லேப்டாப்களில் மேல்வரிசை விசைகளுக்கு ஒலி, வெளிச்சம் என்று வேறு வேலை கொடுத்திருப்பார்கள். எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். அதற்கு முன் கோப்பை ஒரு முறை கிளிக் செய்து தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கோப்புக்கான மெனு வராது.