கற்றராக்ட் ஒப்பரேசன்: வீட்டுக்கு வந்த பிறகு விடும் பிழைகள்

அம்மாவுக்கு வலக்கண்ணில் கற்றராக்ட் (கண்புரை) ஒப்பரேசன் முடிந்து நான்காம் நாள், வெள்ளிக்கிழமை. சாமியறையில் கற்பூரம் காட்டிவிட்டு வழக்கம்போலத் தட்டை நீட்டினேன். அம்மா இரண்டு கையையும் சுடரில் காட்டி அப்படியே கண்ணில் ஒற்றப் போனார். எழுபது வருசப் பழக்கம், கை தானாகப் போகிறது. சட்டென்று கையைப் பிடித்துவிட்டேன். ஆனால் தட்டை நீட்டியதே நான்தான் என்பது பிறகுதான் உறைத்தது. வீட்டில் நாங்கள் விடும் பிழைகள் அநேகமாக இந்த வகைதான், பழக்கத்திலும் பாசத்திலும் வருபவை.

ஒப்பரேசன் சின்ன வேலை என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். ஓரளவு சரி. கண்ணை மரக்கச் செய்து, கருவிழியின் ஓரத்தில் சின்னதாகக் கீறி, மங்கிப்போன வில்லையை எடுத்துவிட்டு, அது இருந்த உறைக்குள்ளேயே செயற்கை வில்லையை வைக்கிறார்கள். பாக்கோ முறையில் அந்தக் கீறல் 3 மில்லிமீற்றர் அளவுதான், பெரும்பாலும் தையலும் இல்லை. (பாக்கோ என்பது லேசர் இல்லை, ஒலியதிர்வால் வில்லையை உடைத்து உறிஞ்சுவது.) பொதுவாக அரை மணித்தியாலத்துக்குள் முடிந்து பலர் அன்றே வீடு வந்துவிடுகிறார்கள். தையல் இல்லாத அந்தக் கீறல் தானாக ஒட்டும் நாட்களும், கண்ணுக்குள் இருக்கும் அழற்சி ஆறும் வாரங்களும் எங்கள் வீட்டில்தான் கழிகின்றன.

அதற்கு முன்னாலேயே தொடங்கும் பிழை ஒன்று இருக்கிறது. "இன்னும் முத்தவில்லை, முத்தட்டும் பார்ப்போம்" என்று வருசக்கணக்காகத் தள்ளிப்போடுவது. அந்தக் காலத்து முறைக்கு வில்லை முத்த வேண்டியிருந்தது. இப்போது முத்தி இறுகிப்போனால் உடைத்து எடுப்பதுதான் கடினம். அளவுக்கு மிஞ்சி முத்தினால் வில்லையில் இருந்து கசிந்து கண்ணின் அழுத்தம் கூடி, கண் நரம்பையே கெடுத்துவிடலாம், நரம்பு கெட்டபின் எந்த வில்லை வைத்தும் பயனில்லை. பத்திரிகை வாசிக்க முடியவில்லை, இரவில் எதிரே வரும் வாகன வெளிச்சம் கூசுகிறது, முற்றத்துப் படியில் கால் தடுக்குகிறது என்றால் வைத்தியரிடம் போக அதுவே போதும். துளி மருந்தால் கரைக்கலாம் என்று யாராவது சொன்னால் காசைக் கொடுக்காதீர்கள், கற்றராக்ட்டைக் கரைப்பதாக நிரூபணமான துளி மருந்து இல்லை.

ஆண்களுக்கு ஒரு விசயம், இதை அழுத்திச் சொல்ல வேண்டும். சலம் போவதில் கஷ்டம், புரொஸ்டேற் வீக்கம் என்று டாம்சுலோசின் குளிசை போடுபவர்கள் நிறையப் பேர். அந்தக் குளிசையால் கண்மணி சரியாக விரியாது, ஒப்பரேசன் நடுவே அதைச் சுற்றியுள்ள தசை தளர்ந்து ஆடும். முன்பே தெரிந்தால் வைத்தியர் அதற்கு ஆயத்தமாக இருப்பார், தெரியாமல் போனால்தான் சிக்கல். என் மாமா ஒருவர் தாதி முன்னால் சலத்தைப் பற்றிக் கதைக்க வெட்கப்பட்டு அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாக் குளிசையையும் சொல்லியிருக்கிறார். நல்ல காலம், மாமி குளிசைப் பையை அப்படியே கொண்டுபோய் மேசையில் கொட்டினார். முந்தி போட்டு நிறுத்தியிருந்தாலும் சொல்லுங்கள், நிறுத்தியபின்னும் அதன் பாதிப்பு இருக்கலாம். அஸ்பிரின், வார்பரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசைகளை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். சீனி, பிறசர் கூடினால் திகதியைத் தள்ளிவைப்பார்கள். மல்லாந்து படுத்தால் இருமல் வரும், கண்ணில் பீளை தள்ளுகிறது, உடம்பில் எங்காவது சீழ்க்கட்டு இருக்கிறது, எல்லாம் சொல்ல வேண்டியவைதான். விளங்காததைத் தமிழில் திருப்பிக் கேளுங்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் பார்த்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தையே தமிழில் படிப்பித்தவர். அப்படிப்பட்ட ஊரில் தமிழில் கேட்கக் கூச்சம் எதற்கு?

சரி, வீட்டுக்கு வருவோம். முதலில் துளி மருந்து.

கிருமிக்கு ஒன்று, அழற்சிக்கு ஒன்று என்று வழக்கமாக இரண்டு போத்தல்கள் தருவார்கள், சில இடங்களில் இரண்டும் கலந்த ஒன்றாக இருக்கும். அம்மாவுக்கு முதல் நாள் நான் ஒன்றை விட்ட கையோடு மற்றதையும் விட்டேன், இரண்டாவது துளி முதலாவதைக் கழுவிக்கொண்டு கன்னத்தில் வழிந்தது. இடையில் ஐந்து நிமிஷமாவது விட வேண்டும். அழற்சிக்குத் தரும் பிரெட்னிசலோன் துளி பல நேரம் பால் மாதிரி இருக்கும், மருந்து அடியில் படிந்துவிடும், குலுக்காமல் விட்டால் கண்ணுக்குப் போவது வெறும் தண்ணீர்தான். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஆளைக் கதிரையில் சாய்ந்து அண்ணாந்து பார்க்கச் சொல்லி, கீழ் இமையை மெதுவாக இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி வரும். அதற்குள் ஒரு துளி போதும். போத்தல் நுனி இமையிலோ மயிரிலோ படக்கூடாது. விட்டபிறகு இறுக்கிக் கண்சிமிட்டாமல் ஓரிரு நிமிஷம் மூடியிருக்க வேண்டும். அப்புறம், வழிந்ததைச் சீலைத் தலைப்பால் துடைப்பது! எங்கள் அம்மாக்களின் கை உடனே அங்கேதான் போகும். சமையல் செய்து, கை துடைத்து, பேரப்பிள்ளையின் மூக்கும் துடைத்த தலைப்பு அது. சுத்தமான பஞ்சால் கன்னத்தில் மட்டும் ஒற்றுங்கள். எத்தனை தரம் விட்டோம் என்ற குழப்பத்துக்கு கலண்டரில் கோடு போட்டோம், அந்த வேலையைப் பேரன் பொறுப்பெடுத்தான், ஒரு தரம்கூடத் தவறவிடவில்லை.

பத்து நாளில் கண் வெளுத்து பார்வையும் தெளிந்ததும் "இனி என்னத்துக்கு" என்று துளியை நிறுத்துவது அடுத்த பிழை. அழற்சி மருந்தைப் பொதுவாக ஒரு மாதமளவுக்குப் படிப்படியாகக் குறைப்பார்கள், திடீரென்று நிறுத்தினால் அழற்சி திரும்பும். மறுபக்கம், சொன்ன காலம் முடிந்தும் பார்மசியில் வாங்கி வாங்கி விடுபவர்களும் உண்டு. அது ஸ்டிரொயிட், நீண்ட நாள் விட்டால் கண் அழுத்தம் கூடும். மிச்சத்தை அயல்வீட்டு ஆளின் கண் சிவப்புக்குக் கொடுக்கவும் கூடாது.

தண்ணீர் விசயத்தில் எங்களுக்குப் பொறுமை குறைவு. இரண்டு நாள் தோயாவிட்டால் உடம்பு காந்துகிறது என்பார்கள். கழுத்துக்குக் கீழே வார்க்கலாம். கிணற்றடியில் வாளியை அள்ளித் தலையில் ஊற்றுவதும் முகத்தில் தண்ணீர் அடிப்பதும் வைத்தியர் சொல்லும்வரை வேண்டாம். முகத்தை ஈரத்துணியால் துடைக்கலாம். கீரிமலைக் கேணி, கசூரினாக் கடல் எல்லாம் ஒரு மாதமாவது பொறுக்கட்டும், ஆடி அமாவாசை வந்தாலும் சரி. துலா இழுப்பது, நிறை வாளி, அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், குனிந்து வெங்காயம் நடுவது, நிலத்தில் விழுந்து கும்பிடுவது, இவற்றையும் முதல் வாரங்களில் தள்ளிவையுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் வீதி மணல்தான், அந்தக் காலத்தில் ஒப்பரேசன் என்றால் இந்த முறை வீட்டில் இருந்து கும்பிடட்டும். விபூதியை ஆசீர்வாதமாக நெற்றியில் அள்ளிப் பூசும் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அந்தத் தூள் நேரே கண்ணில்தான் கொட்டும். விறகடுப்புப் புகையும் அப்படித்தான். இரவில் அறியாமல் கசக்குவதைத் தடுக்கத்தான் கண்ணுக்கு மேல் வைக்கத் தரும் பிளாஸ்டிக் மூடி, படுக்கும்போது அதை ஒட்டிவிடுங்கள்.

சாப்பாட்டில்தான் எங்கள் வீட்டில் பெரிய சண்டை நடந்தது. இறால் கிரந்தி (புண்ணுக்கு ஆகாது), நண்டு கிரந்தி, கத்தரிக்காய் கிரந்தி என்று சின்னம்மா எல்லாவற்றையும் நிறுத்தி மூன்று நேரமும் கஞ்சி கொடுக்க நின்றார். கிளினிக்கில் கேட்டபோது, ஒவ்வாமை இல்லாவிட்டால் வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிடலாம் என்றார்கள். சீனி வருத்தக்காரருக்குக் கஞ்சியாகக் கொடுத்தால் சீனிதான் ஏறும், சீனி ஏறினால் காயம் ஆறத் தாமதமாகும். மலச்சிக்கல் வந்து முக்குவதும் நல்லதில்லை, ஆகவே கீரையும் மீனும் தாராளமாகக் கொடுங்கள். கண் குளிரட்டும் என்று நந்தியாவட்டைப் பூ வைப்பது, தாய்ப்பால், தேன், இளநீர் விடுவது, இவை எல்லாம் ஆறாத காயத்துக்குள் கிருமியைக் கொண்டுபோகும் வழிகள். எவ்வளவு பாசத்தோடு யார் சொன்னாலும் விடாதீர்கள்.

டீவி பார்க்கலாம், வாசிக்கலாம், அதனால் கண் கெடாது. கண்ணாடிக்கு மட்டும் அவசரப்படாதீர்கள், பார்வை நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் செல்லும், அதற்கு முன் செய்தால் காசு வீண். வழக்கமாக வைக்கும் வில்லை தூரத்துக்கு, வாசிக்கக் கண்ணாடி தேவைப்பட்டால் ஒப்பரேசன் பிழைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. மாதங்களோ வருசங்களோ கழித்துத் திரும்ப மங்கினால், "கற்றராக்ட் திரும்ப வளர்ந்திட்டுது" என்பார்கள். அது வளராது. வில்லை இருக்கும் உறையின் பின்பக்கம் மங்குவது அது, அதற்குத்தான் லேசர், சில நிமிஷ வேலை.

முதல் நாட்களில் மண் விழுந்தமாதிரி உறுத்தல், கொஞ்சம் கண்ணீர், கொஞ்சம் மங்கல் இருக்கலாம், அவை நாளுக்கு நாள் குறைய வேண்டும். வலி கூடிக்கொண்டு போனால், சிவப்பு ஏறினால், தெளிந்த பார்வை திரும்ப மங்கினால், பீளை தள்ளினால், தலையிடியோடு சத்தி வந்தால், மின்னல் வெட்டியமாதிரியோ கரும்புள்ளி கொட்டியமாதிரியோ ஓரத்தில் திரை விழுந்தமாதிரியோ தெரிந்தால் அன்றே போக வேண்டும். கண்ணுக்குள் கிருமி பிடிப்பது அரிது, ஆனால் பிடித்தால் சில மணித்தியாலங்களே பார்வையைத் தீர்மானிக்கும். "இரவாப் போச்சு, பிள்ளையளை எழுப்பக் கூடாது" என்று வலியைப் பொறுத்துக்கொண்டு விடியும்வரை இருக்கும் அம்மாக்கள் எங்கள் ஊரில் அதிகம். பனடோல் போட்டுப் படுத்துவிடுவார்கள். அதனால் வீட்டுக்கு வந்த அன்றே அவரோடு இருந்து, எந்த நேரமென்றாலும் எழுப்பச் சொல்லிச் சத்தியம் வாங்கிவிடுங்கள். கிளினிக் கொப்பியைத் தலைமாட்டில் வைத்து, அதன் மட்டையிலேயே ஆஸ்பத்திரி இலக்கத்தையும் இரவில் வரக்கூடிய ஓட்டோக்காரரின் இலக்கத்தையும் அவர் கண்ணாடி இல்லாமல் வாசிக்கும் அளவுக்குப் பெரிதாக எழுதுங்கள்.