280 வாக்குகள்: அரிசோனாவின் அட்டர்னி ஜெனரல் தேர்தலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 நவம்பர் 8 தேர்தலில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் சுமார் 25 லட்சம் பேர் வாக்களித்தார்கள். அட்டர்னி ஜெனரல், அதாவது மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் மேயஸும் குடியரசுக் கட்சியின் ஏப் ஹமாதேவும் மோதினார்கள். முதல் எண்ணிக்கையில் மேயஸ் 511 வாக்குகள் முன்னே நின்றார். மறு எண்ணிக்கை முடிந்தபோது அந்த வித்தியாசம் 280 ஆகச் சுருங்கியிருந்தது. ஃபீனிக்ஸ் பக்கத்தில் நல்ல பொங்கல் விழா ஒன்றுக்கு இதைவிட அதிகம் பேர் சாப்பிட வருவார்கள்.

அமெரிக்காவில் வாழும் நம்மவர்கள் இந்தத் தேர்தலை அணுகும்போது செய்கிற முதல் தவறு, பதவியின் பெயரைக் கேட்டதும் ஊரில் பார்த்ததை நினைத்துக்கொள்வது. தமிழ்நாட்டில் அரசுத் தலைமை வழக்கறிஞரை ஆளுநர் நியமிக்கிறார். இலங்கையில் சட்டமா அதிபரும் நியமனம்தான். வாஷிங்டனில் இருக்கிற அட்டர்னி ஜெனரலையும் அமெரிக்க அதிபர்தான் தேர்ந்தெடுக்கிறார், செனட் ஒப்புதல் தருகிறது. மாநிலங்களின் கதை வேறு. 50 மாநிலங்களில் 43, இந்தப் பதவியை மக்கள் வாக்குக்கே விடுகின்றன. ஆகவே ஆளுநர் ஒரு கட்சி, அட்டர்னி ஜெனரல் எதிர்க்கட்சி என்று அமைவது சாதாரணம். அவர் ஆளுநரின் வழக்கறிஞர் அல்ல, அவரை ஆளுநர் வீட்டுக்கு அனுப்பவும் முடியாது. இதற்காக நியூஜெர்சியில் இருப்பவர்கள் வாக்குச்சீட்டைத் துழாவ வேண்டாம். அங்கே ஆளுநரே நியமிக்கிறார். டென்னசியில் மாநில உச்ச நீதிமன்றம் நியமிக்கிறது, மெய்ன் மாநிலத்தில் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கிறது.

இரண்டாவது தவறுதான் பெரியது: வேட்பாளர்களைப் போலீஸ் அதிகாரி வேலைக்கு வந்தவர்களைப்போல எடைபோடுவது. தேர்தல் விளம்பரங்கள் அப்படித்தான் நம்மைப் பழக்கியிருக்கின்றன. இருட்டுத் தெரு, சிவப்பு விளக்கு, 'இவர் குற்றவாளிகளுக்கு இரக்கம் காட்டுகிறவர்' என்று ஒரு கரகரத்த குரல். உண்மையில் திருட்டு, அடிதடி, கொலை வழக்குகளில் பெரும்பாலானவற்றை நடத்துவது அந்தந்தக் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) வழக்கறிஞர். அரிசோனாவில் 15 கவுண்டிகள், ஒவ்வொன்றுக்கும் தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர். உங்கள் தெருவில் கார் கண்ணாடி உடைபடுவது பற்றிய கவலை நியாயமானது, ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் பெரும்பாலும் கவுண்டி வழக்கறிஞர் அலுவலகம்தான்.

அப்படியென்றால் அட்டர்னி ஜெனரல் என்னதான் செய்கிறார்? மாநிலத்துக்காக வழக்குப் போடுகிறார், மாநிலத்தின் மீது வழக்கு வந்தால் எதிர்த்து நிற்கிறார், நுகர்வோரை ஏமாற்றும் நிறுவனங்களைத் துரத்துகிறார், அரசுத் துறைகளுக்குச் சட்டக் கருத்துச் சொல்கிறார், கவுண்டியில் தண்டனை பெற்றவர்களின் மேல்முறையீட்டில் மாநிலத்தின் சார்பில் வாதாடுகிறார். இந்தப் பட்டியலைவிட முக்கியம் ஒன்று உண்டு. எந்த வழக்கைக் கையில் எடுப்பது, எதைத் தொடாமல் விடுவது என்பதில் அவருக்குப் பெரிய சுதந்திரம் இருக்கிறது. நாம் வாக்களிப்பது உண்மையில் அந்தச் சுதந்திரம் யார் கைக்குப் போக வேண்டும் என்பதற்குத்தான்.

இதற்கு அரிசோனாவைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. 1864இல், அரிசோனா ஒரு மாநிலமாவதற்கு 48 ஆண்டுகளுக்கு முன்பே, கருக்கலைப்பைக் கிட்டத்தட்ட முழுமையாகத் தடைசெய்யும் சட்டம் ஒன்று எழுதப்பட்டது. தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே விலக்கு, மீறினால் 2 முதல் 5 ஆண்டு சிறை. நீதிமன்றத் தடையால் அது பல பத்தாண்டுகள் தூங்கிக் கிடந்தது. 2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்ததும், அப்போதைய அட்டர்னி ஜெனரல் மார்க் பெர்னோவிச், குடியரசுக் கட்சிக்காரர், நீதிமன்றத்துக்குப் போய் அந்தத் தடையை நீக்கும்படி கேட்டார். அவருக்குப் பிறகு வந்த மேயஸ் அந்தச் சட்டத்துக்காக வாதாட மறுத்தார். 2024 ஏப்ரல் 9 அன்று மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. தான் பதவியில் இருக்கும்வரை எந்தப் பெண் மீதோ மருத்துவர் மீதோ இந்தச் சட்டத்தின் கீழ் வழக்கு வராது என்று மேயஸ் அறிவித்தார். தீர்ப்பு நடைமுறைக்கு வருவதைத் தள்ளிவைக்க 90 நாள் அவகாசமும் கேட்டுப் பெற்றார். மே மாதம் சட்டமன்றத்தில் நிறைவேறிய ரத்து நடைமுறைக்கு வரும்வரை, பழைய சட்டம் மறுபடி உயிர்பெறவே இல்லை.

எந்தப் பக்கம் நியாயம் என்பது உங்கள் விருப்பம். நான் காட்ட விரும்புவது வேறு: ஒரே சட்டம், ஒரே அலுவலகம், அதே நாற்காலி. உட்கார்ந்தவர் மாறியதும் மாநிலத்தின் வாதமே திரும்பிவிட்டது. ஆகவே ஒரு வேட்பாளரிடம் 'குற்றத்தைக் கடுமையாக ஒடுக்குவீர்களா' என்று கேட்பது வீண். ஒடுக்கமாட்டேன் என்று யார் சொல்லப்போகிறார்கள்? எந்தச் சட்டத்துக்காக வாதாட மறுப்பீர்கள், யார் மீது முதலில் வழக்குப் போடுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதிலில் ஆள் தெரிந்துவிடுவார்.

மூன்றாவது, வாக்குச்சீட்டின் பாதியில் களைத்துப்போய் நிறுத்திவிடுவது. செனட், ஆளுநர் வரைக்கும் உற்சாகமாக வட்டத்தை நிரப்பிவிட்டு, அதற்குக் கீழே தெரியாத பெயர்கள் என்று காலியாக விடுகிறவர்கள் ஏராளம். அல்லது மேலே போட்ட கட்சிக்கே கண்ணை மூடிக்கொண்டு கீழேயும் போடுகிறார்கள். அரிசோனாவாசிகள் எல்லோரும் அப்படிச் செய்யவில்லை. அதே 2022 சீட்டில் ஜனநாயகக் கட்சியின் கேட்டி ஹாப்ஸ் சுமார் 17,000 வாக்குகளில் ஆளுநரானார், குடியரசுக் கட்சியின் கிம்பர்லி யீ பொருளாளர் பதவியைச் சுலபமாகத் தக்கவைத்தார். ஆளுநர் முடிவை வைத்துக் கீழே உள்ள பதவிகளின் முடிவைக் கணிக்க முயன்றவர்களுக்கு அது நல்ல பாடம்.

கீழே இருப்பதால் சிறிய பதவி என்று நினைப்பதும் சரியல்ல. 1978இல் ஆளுநர் வெஸ்லி போலின் பதவியில் இருக்கும்போதே இறந்தார். அடுத்த வரிசையில் இருந்த மாநிலச் செயலர் தேர்தலில் வென்றவர் அல்ல, நியமிக்கப்பட்டவர் என்பதால் தகுதி இல்லை என்றானது. அட்டர்னி ஜெனரலாக இருந்த புரூஸ் பாபிட் ஆளுநர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

வாக்குப்பதிவு இரவு தொலைக்காட்சி முன் உட்கார்ந்து முடிவு சொல்லிவிடுவது அடுத்தது. அரிசோனாவில் முதலில் வெளியாவது முன்கூட்டியே வந்துசேர்ந்த தபால் வாக்குகள். பிறகு அன்றைக்கு நேரில் போட்டவை. கடைசி நாளில் உறையோடு கொண்டுவந்து பெட்டியில் போட்டவை எல்லாவற்றுக்கும் கடைசி, ஏனென்றால் பொதுவாக ஒவ்வொரு உறையிலும் கையெழுத்தைச் சரிபார்த்த பிறகே பிரிக்க வேண்டும். 2022இல் மரிகோபா கவுண்டியில் மட்டும் அப்படிக் கடைசி நாளில் வந்தவை சுமார் 2.9 லட்சம். எண்ணிக்கை நாட்கணக்கில் நீண்டதில் மர்மம் ஒன்றும் இல்லை. மறு எண்ணிக்கையில் எண் மாறினால் உடனே மோசடி என்று வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: வித்தியாசம் அரை சதவீதத்துக்குள் இருந்தால் அங்கே மறு எண்ணிக்கை சட்டப்படி கட்டாயம். பினால் கவுண்டியில் முதலில் விடுபட்ட சில நூறு வாக்குகள் அப்போதுதான் அகப்பட்டன, அவை ஹமாதேவுக்குச் சாதகமாகவே இருந்தன. தவறைக் கண்டுபிடிக்கத்தான் மறுபடி எண்ணுகிறார்கள்.

கலிபோர்னியாவில் 2010இல் இதே பதவிக்கு நின்ற ஸ்டீவ் கூலி, அன்று இரவே வெற்றி உரை ஆற்றிவிட்டார். மூன்று வாரம் கழித்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார். வென்றவர் கமலா ஹாரிஸ். அவருடைய தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தின் பெயரை உலகம் உச்சரிக்க இன்னும் பத்தாண்டு இருந்தது.

விசாவில் இருப்பவர்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை, இதில் விளையாட்டு வேண்டாம். ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது வாக்காளராகப் பதிவு செய்யட்டுமா என்று கேட்பார்கள். பழக்கத்தில் 'ஆம்' என்று குறியிட்டால், குடியுரிமை விண்ணப்பமே சிக்கலாகி நாடு கடத்தல் வரை போகலாம். விசாவில் இருப்பவர் வேட்பாளரின் நிதி திரட்டும் விருந்துக்குக் காசோலை எழுதுவதும் கூடாது. மாநிலத் தேர்தலுக்கும் அந்தத் தடை உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்கள் நன்கொடை தரலாம், வாக்களிக்க முடியாது.

புதிதாகக் குடியுரிமை பெற்றவர்கள் அரிசோனாவில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கூட்டாட்சிப் படிவத்தில் பதிவு செய்யும்போது குடியுரிமைக்கான ஆவணம் சேராவிட்டால், கூட்டாட்சிப் பதவிகள் மட்டும் அச்சிட்ட சீட்டுத்தான் கையில் வரும். செனட்டுக்குப் போடலாம், அட்டர்னி ஜெனரல் பெயரே அதில் இருக்காது.

கடைசியாகக் கையெழுத்து. உறையில் கையெழுத்தே இல்லையென்றால், வாக்குப்பதிவு நாள் மாலை 7 மணிக்குள் போய்ச் சரிசெய்ய வேண்டும். கையெழுத்துப் பொருந்தவில்லை என்றால், அதன் பிறகும் சில நாள் அவகாசம் உண்டு, கவுண்டியிலிருந்து கூப்பிடுவார்கள். சாண்ட்லரில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஓட்டுநர் உரிமத்தில் ஆசையாகத் தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தார். உறையில் அவசரத்தில் ஆங்கிலத்தில் போட்டுவிட்டார். அலுவலகத்திலிருந்து மூன்று முறை அழைத்திருக்கிறார்கள். தெரியாத எண் என்று அவர் எடுக்கவே இல்லை.