லெவல் 1 எலியை லீடாக இறக்குவது எப்படி? போக்கிமான் போட்டிக்குப் புதியவர்களுக்கு

போட்டியில் முதலில் களமிறக்கும் போக்கிமானை லீட் என்பார்கள். வழக்கமான லீட் எதுவானாலும் எதிராளி அதற்கு ஒரு பதிலோடுதான் வந்திருப்பார். லெவல் 1 ரட்டாட்டா என்ற எலிப் போக்கிமானுக்குத் தயாராக வருபவர்கள் குறைவு. ‘ஃபியர்’ என்று ஆட்டக்காரர்கள் சொல்வது இந்த உத்தியைத்தான்.

பழகுவதற்கு போக்கிமான் ஷோடவுன் தளம் போதும். பிரவுசரிலேயே இலவசமாக ஆடலாம். அதில் நான்காம் தலைமுறை (போக்கிமான் விளையாட்டுகளின் நான்காவது வரிசை) ஓயூ என்ற போட்டி வகையைத் தேர்ந்தெடுங்கள். ஐந்தாம் தலைமுறையிலிருந்து இரண்டு அணிகளையும் ஆட்டத்துக்கு முன்பே காட்டிவிடுவார்கள், ரகசியம் அங்கேயே போய்விடும்.

1. அணியை அமைக்கும் டீம்பில்டரில் ரட்டாட்டாவை எடுத்து லெவலை 100-லிருந்து 1 ஆக மாற்றுங்கள். கையில் ஃபோகஸ் சாஷ், ஒரே அடியில் சாகாமல் ஒருமுறை காக்கும் பொருள். மூவ்கள்: எண்டெவர், குவிக் அட்டாக், பர்சூட். நான்காவது எதுவானாலும் சரி. ஈவி புள்ளிகளை (திறன்களை உயர்த்தப் பங்கிடும் புள்ளிகள்) எப்படிப் போட்டாலும் ஹெச்பி, அதாவது உயிர்ப்புள்ளி, 11 அல்லது 12தான் வரும்.

2. அணியில் முதல் இடத்தில் வையுங்கள், அதுதான் முதலில் இறங்கும். பிறகு இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டால், அதற்குள் எதிராளி ஸ்டெல்த் ராக் (களத்தில் நுழைபவரை அடிக்கும் கல் பொறி) போட்டிருப்பார். நுழையும்போதே அடிபடும். முழு ஹெச்பி இல்லாவிட்டால் சாஷ் வேலை செய்யாது.

3. முதல் டர்னில் எண்டெவர். லெவல் 1 என்பதால் ரட்டாட்டா எப்படியும் மெதுவாகத்தான் நகரும். நமக்கு வேண்டியதும் அதுதான். எதிராளி முதலில் அடிப்பார், சாஷ் 1 ஹெச்பியில் காப்பாற்றும். எண்டெவர் எதிரியின் ஹெச்பியை நம் ஹெச்பி அளவுக்கு இறக்கிவிடும். எத்தனை பெரிய டிராகனானாலும் 1 ஹெச்பிதான் மிஞ்சும்!

அவர் அடிக்காமல் ஸ்டெல்த் ராக் போட்டால்? எண்டெவரால் அவருக்கு 11 அல்லது 12 ஹெச்பி இருக்கும், நம் சாஷ் அப்படியே இருக்கும். அடுத்த டர்னிலும் எண்டெவரையே போடுங்கள்.

4. எதிரி 1 ஹெச்பிக்கு வந்ததும் குவிக் அட்டாக். பிரயாரிட்டி மூவ் என்பதால் வேகத்தைப் பார்க்காமல் முந்திக்கொள்ளும். எதிராளி ஸ்விட்ச் செய்து தப்பிக்கப் பார்ப்பார் என்று தோன்றினால் பர்சூட், வெளியேறும்போதே அடிக்கும். ஆனால் அவர் நின்று அடித்தால் பர்சூட் பிந்திவிடும், எலி போய்விடும். ஆரம்ப ரேங்குகளில் பலர் நின்று அடிக்கத்தான் பார்ப்பார்கள். அங்கே குவிக் அட்டாக்கே என் தேர்வு.

5. எங்கே கவிழும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கெங்கார், ரோட்டம் போன்ற கோஸ்ட் வகைகளின் மேல் எண்டெவரும் குவிக் அட்டாக்கும் படவே படாது. பிரெலூம் ஸ்போர் போட்டுத் தூங்க வைக்கும். டைரனிடார் மணற்புயலோடு வரும். அது அடித்தால் நீங்கள் எண்டெவர் போட்டுவிட்டு டர்ன் முடிவில் புயலில் சாகலாம், அது பரவாயில்லை. அடிக்காமல் ராக் போட்டால்தான் தொல்லை: புயல் கீறியதும் சாஷ் வீண்.

இவை எல்லாவற்றையும்விட எரிச்சல் தருவது எதிரியின் கையில் இருக்கும் லெஃப்ட்ஓவர்ஸ் என்ற பொருள். ஒவ்வொரு டர்ன் முடிவிலும் மொத்த ஹெச்பியில் பதினாறில் ஒரு பங்கு திரும்பி வரும், அதாவது 320 ஹெச்பி உள்ளதற்கு 20. நம் எலியின் குவிக் அட்டாக் எடுப்பதோ 2, 3 ஹெச்பி. கொல்லாது.

6. அதனால் இரண்டாவது இடத்துக்கு புல்லட் பஞ்ச் (ஸ்டீல் வகை பிரயாரிட்டி மூவ்) உள்ள சைஸர் என்ற போக்கிமான். அப்படிக் கொஞ்ச ஹெச்பியோடு நிற்பது, ஸ்டீல் அடி தாங்கும் வகையாக இருந்தாலும், பெரும்பாலும் புல்லட் பஞ்ச் ஒன்றில் விழும். எதிராளி அதற்குள் அதை உள்ளே இழுத்துக்கொண்டாலும் கவலையில்லை. நீங்கள் ஸ்டெல்த் ராக் போட்டு வைத்தால், திரும்ப வரும்போது பெரும்பாலும் வாசலிலேயே செத்துவிடும்.