கலை வரலாறு படிக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

தொடக்கக் கல்லூரி முடித்துவிட்டு, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் போன்ற சின்னக் கடலோரப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படிக்க விரும்பும் சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வழிகாட்டி வருகிறேன். நாங்கள் படித்த காலத்தில் செய்த தவறுகளையே இவர்களும் செய்வதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. ஆண்டைத் தப்பாகப் போடுவது, ஓவியர் பெயரை மாற்றி எழுதுவது போன்றவை ஒரு முறை திருத்தினால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

திரையில் பார்த்துவிட்டு எழுதுவது

நம் தேசியக் கலைக்கூடத்தின் தொகுப்பில் ராடன் சாலே 1849இல் தீட்டிய ‘காட்டுத் தீ’ இருக்கிறது. உயரம் 3 மீட்டர், அகலம் கிட்டத்தட்ட 4 மீட்டர். அதே தொகுப்பில் ஜார்ஜெட் சென் 1946 வாக்கில் தன்னையே வரைந்த ஓவியம் 22.5க்கு 17.5 சென்டிமீட்டர்தான். மடிக்கணினியில் இரண்டும் ஒரே அளவாகத் தெரியும். நேரில் போனால், நெருப்புக்குப் பயந்து பாறை விளிம்புக்கு ஓடிவந்த விலங்குகள் உங்கள் தலைக்கு மேலே தவிக்கும். சென்னின் முகத்தைப் பார்க்கவோ நீங்கள்தான் கிட்டே போக வேண்டும். இந்த வித்தியாசம் கட்டுரையில் இல்லையென்றால், எழுதியவர் நேரில் பார்க்கவில்லை என்பது வாசிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

பாணிகளின் பெயரை அடுக்குவது

எதிரில் இருப்பதை முதலில் நான்கு வரியில் சொல்லிப் பழகுங்கள். பரோக், ரொக்கோகோ எல்லாம் அப்புறம்.

எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விடுவது

எனக்கு இன்றுவரை எரிச்சல் தருவது இதுதான்.

நன்றாகப் படிக்கும் மாணவி ஒருவர், உபகாரச் சம்பளத்துக்காகச் சோழர் கால உமையின் செப்புத்திருமேனி ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தார். மூன்று வளைவாக நிற்கும் உடல், அடுக்கடுக்காகக் கூம்பிய கரண்ட மகுடம், மலர் ஏந்தும் விரல்கள், மெழுகில் உருவம் செய்து மண் பூசி வார்க்கும் முறை என எல்லாம் அழகாக வந்திருந்தன. நேர்காணலில் ஒருவர் கேட்டார்: “இந்தத் திருமேனி எந்தக் கோயிலை விட்டு எப்போது வெளியே வந்தது?” மாணவியிடம் பதில் இல்லை. உபகாரச் சம்பளம் கைநழுவிப் போனது. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்தக் கட்டுரையை முன்கூட்டியே வாசித்துப் பாராட்டிய பெரியவர்களில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லையே என்பதுதான் ஆறவில்லை.

சிங்கப்பூரில் வளர்ந்தவர் இந்தக் கேள்வியை மறக்கவே கூடாது. ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007இல், 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உமா பரமேஸ்வரி திருமேனி ஒன்றை நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரின் நிறுவனத்திடமிருந்து 650,000 அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அது அரியலூர் மாவட்டச் சிவன் கோயிலில் திருடுபோனது என்ற விவரம் பிறகு வெளிவந்தது. அதை இந்தியாவிடம் திருப்பித் தருவதாக 2015இல் அரும்பொருளகம் அறிவித்தது. அதே மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியிருந்தது. அவர் 2014இல் நாடு திரும்பினார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பு கோயிலிலேயே எடுத்து வைத்திருந்த புகைப்படம் உண்மையைக் காட்டிக்கொடுத்தது.

இவ்வளவு பெரிய இடங்கள் எப்படி ஏமாந்தன? கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் வந்தது, இந்தியாவின் தொல்பொருள் சட்டம் 1972இல் வந்தது. அதற்கு முன்பே வெளிநாடு போய்விட்ட பொருள் என்று ஒரு காகிதம் இருந்தால் விற்பது சுலபம். அதனால் பொய்யாகத் தயாரித்த காகிதங்கள், பொருள் அந்த ஆண்டுகளுக்குச் சற்று முன்பே கைமாறியதாகச் சொல்லும். பொருளின் கைமாற்றப் பதிவில் ‘1960களின் இறுதியிலிருந்து தனியார் தொகுப்பு’ என்று மட்டும் இருந்தால் அங்கேயே நின்று யோசியுங்கள்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. காட்சிக்கூட விளக்க அட்டையின் கீழே உள்ள பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் அரும்பொருளகங்களில் அதன் முதல் நான்கு இலக்கங்கள் பெரும்பாலும் அந்தப் பொருள் தொகுப்பில் சேர்ந்த ஆண்டைச் சொல்லும். பிறகு பீடத்தைப் பாருங்கள். அதில் உள்ள துளைகளும் வளையங்களும் திருவீதி உலாவுக்குத் தூக்கிச் செல்லக் கம்பு கோப்பதற்காக வைத்தவை. தைப்பூசத்துக்கு முந்தின நாள் டேங்க் ரோட்டிலிருந்து கியோங் சாய்க் ரோட்டுப் பிள்ளையார் கோயிலுக்கு முருகன் வெள்ளி ரதத்தில் போவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு உற்சவர் என்றால் யார் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். பட்டும் மாலையும் சாத்தி, முகம் மட்டும் தெரிய ஊர்வலம் போன திருமேனிதான் கண்ணாடிப் பெட்டிக்குள் வெறுமேனியாக நிற்கிறது. அந்த மாற்றத்தையும் சேர்த்து எழுதினால்தான் அதன் வரலாறு முழுமையாகும்.

தமிழ் வாசிக்கத் தெரிந்த உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், ராஜராஜன் காலத்தில் அளிக்கப்பட்ட திருமேனிகளின் உயரம், கைகளின் எண்ணிக்கை, நகைகள் வரை பட்டியல் போட்டு வைத்திருக்கின்றன. கூடப் படிக்கும் பலர் மொழிபெயர்ப்பை நம்பியிருக்கும்போது நீங்கள் மூலத்தையே எழுத்துக்கூட்டி வாசிக்கலாம். இதைப் பயன்படுத்தாமல் விடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

“சிறு வயதிலிருந்தே கலையில் ஆர்வம்” என்று விண்ணப்பத்தைத் தொடங்குவது

அழித்துவிடுங்கள்.

ஊர் சின்னது என்று அலட்சியப்படுத்துவது

செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊருக்குள் ரயில் நிலையம்கூட இல்லை. அதனால் ‘பார்க்க வேண்டியதெல்லாம் எடின்பரோவிலும் லண்டனிலும்தான்’ என்று விடுமுறைக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு. ஸ்காட்லாந்தில் கலோடைப் என்ற ஆரம்பக்காலக் காகிதப் புகைப்பட முறையில் எடுத்த முதல் உருவப்படத்தை ஜான் ஆடம்சன் 1841இல் எடுத்தது இந்த ஊரில்தான். ஆரம்பக்காலப் புகைப்படங்களின் பெரிய தொகுப்பு பல்கலைக்கழக நூலகத்திலேயே இருக்கிறது. இடிந்த பேராலயத்தின் அருங்காட்சியகத்தில், சிங்கத்தோடு போராடும் பைபிள் மன்னர் தாவீதைச் செதுக்கிய, ஸ்காட்லாந்தின் பழங்கால மக்களான பிக்ட்டுகளின் கல்பேழை இருக்கிறது. 1833இல் பேராலய வளாகத்தில் குழி தோண்டும்போது கிடைத்தது. முதல் வாரமே நடந்துபோய்ப் பாருங்கள். அந்தப் பேழை யாருக்காகச் செய்யப்பட்டது, ஏன் மண்ணுக்குள் போனது என்று அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள்.