வெளிநாடு வந்த கையோடு: யாழ்ப்பாணத்து வீட்டை வாடகைக்கு விடுவோருக்கு

புதிதாக வந்திறங்கியவர்கள் வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று ஓடும்போது ஊரில் விட்டுவந்த வீடு பின்னுக்குப் போய்விடுகிறது. "வாடகைக்குக் குடுத்தால் பிறகு எழுப்ப ஏலாது" என்ற பயத்தில் சிலர் வீட்டைப் பூட்டிவிடுகிறார்கள். சிலர் ஒரு கடதாசியும் இல்லாமல் சொந்தக்காரரிடம் திறப்பைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். இரண்டாவதுதான் மிகப் பெரிய ஆபத்து.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகையை உள்ளூராட்சிச் சபையின் வரி மதிப்பீட்டோடு கட்டிப்போட்டது. வாடகை நிலுவை, வீட்டுக்குச் சேதம், உரிமையாளருக்கே வீடு தேவைப்படுவது போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே எழுப்பலாம் என்றது. வாடகைக்காரர் இறந்தாலும் மனைவி, பிள்ளைகள் தொடர்ந்திருக்க வழிவிட்டது. குடியிருக்கும் குடும்பத்தை நினைத்தவுடன் தெருவில் விடக்கூடாது என்ற நோக்கம் நியாயமானது. இடம்பெயர்ந்து வாடகை வீடுகளில் வாழ்ந்த எங்கள் சனத்துக்கு அதன் அருமை தெரியும். ஆனால் விலைவாசி ஏற ஏற வாடகை மட்டும் நின்ற இடத்தில் நின்றதால், பழைய வீடுகளுக்கு ஓடு மாற்றக்கூட உரிமையாளர்கள் காசு போடவில்லை. கடைசியில் குடியிருந்தவர்தான் ஒழுக்குக்குள் இருந்தார்.

உங்கள் வீடு அந்தச் சட்டத்துக்குள் வருகிறதா என்பதை முதலில் பாருங்கள். அது மாநகர, நகர, பழைய பட்டினசபை எல்லைகளுக்காக எழுதப்பட்டது. பின்வந்த திருத்தங்கள் பல வீடுகளை வெளியே எடுத்துவிட்டன. குறிப்பாக 1980 சனவரி 1 இற்குப் பிறகு கட்டி வாடகைக்கு விட்ட குடியிருப்பு வீடுகள் அதற்குள் வரா. ஆகவே சபை தந்த கட்டட அனுமதி, சோலைவரிப் பற்றுச்சீட்டு இரண்டையும் தேடி எடுத்து சட்டத்தரணியிடம் காட்டுங்கள். போருக்குப் பிறகு திருத்திய வீடு என்றால் முழுதாகக் கட்டியதா, பழைய சுவரில் கூரை போட்டதா என்பதையும் சொல்லுங்கள்.

அடுத்தது குத்தகை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு முடிக்கப்பட வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. கடையில் வாங்கிய படிவத்தில் கையெழுத்துப் போட்டு வைத்திருப்பவர்கள் வழக்கு என்று வரும்போதுதான் தவிக்கிறார்கள். தவணை முடிந்தும் வெளியேறாதவரை மாவட்ட நீதிமன்றத்தின் மூலம் சுருக்க நடைமுறையில் எழுப்ப 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. ஒழுங்கான குத்தகை உறுதி கையில் இருந்தால்தான் அதனால் பயன். உறுதியோடு ஒரு பட்டியலும் இணையுங்கள்: கிணற்று மோட்டர், தண்ணீர்த்தாங்கி, மின்மானியின் அன்றைய வாசிப்பு, எந்த அறை பூட்டியிருக்கும், வளவுத் தேங்காய் யாருக்கு. தேங்காயில் தொடங்கும் மனக்கசப்பு வாடகை நிலுவையில் போய் முடிவதுண்டு.

ஊரில் உங்களுக்காகச் செயற்பட ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரமான அற்றோணித் தத்துவத்தை நீங்கள் இருக்கும் நாட்டின் இலங்கைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பி ஊரில் பதிவுசெய்யுங்கள். குத்தகை எழுத, வாடகை வாங்க, அறிவித்தல் கொடுக்க, வழக்காட என்று அதிகாரங்களைப் பிரித்து எழுதுங்கள். விற்கவோ ஈடு வைக்கவோ அதிகாரம் கொடுக்கவே வேண்டாம். அந்த வீட்டிலேயே குடியிருப்பவரை அற்றோணியாக வைக்கவும் வேண்டாம்.

உங்கள் சொந்தக்காரர் வாடகை இல்லாமல் சும்மா இருந்தாலும் உங்கள் அனுமதியோடுதான் இருக்கிறார் என்று ஓர் எழுத்து வாங்குங்கள். உரிமையாளரை ஏற்காமல் பத்து வருடம் தடையின்றி ஆண்டதாக நிரூபித்தால் வீடு தனக்கே சொந்தம் என்று ஆட்சியுரிமை கோர இலங்கைச் சட்டத்தில் இடமுண்டு. வாடகை சிறு தொகையானாலும் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரட்டும்.

பிணக்கு வந்தால் ஊரிலுள்ள தம்பிமாரை விட்டுப் பூட்டை மாற்றுவிக்காதீர்கள். வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் முறையிட்டால், 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் அவரைத் திரும்ப உள்ளே விடலாம். பிறகு வழக்கை நீங்கள் பின்னடைவோடுதான் தொடங்க வேண்டியிருக்கும்.